இத்தாலிய இடைக்காலக் காதல் கவிதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13ஆம் நூற்றாண்டு இத்தாலியக் காதல் கவிதைகளை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். புதிதாக வந்து அமர்பவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால், வரிசையாக வாசிப்பது நல்லது.

இத்தாலியக் காதல் கவிதை என்றாலே தாந்தே மட்டும்தானே? வேறு யார் இருக்கிறார்கள்?

தாந்தே (1265–1321) எழுதத் தொடங்கியபோது இந்த மரபுக்கு ஏற்கெனவே ஐம்பது வயதாகியிருந்தது. 1230களில் சிசிலியில், பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையில் அது பிறந்தது. 1250இல் பேரரசர் இறந்து, 1266இல் அவருடைய வம்சத்தின் ஆட்சியும் வீழ்ந்தபின், மத்திய இத்தாலியின் தொஸ்கானா வட்டார நகரங்களில் அரெத்சோ ஊரைச் சேர்ந்த குவித்தோனேயும் லூக்கா ஊரைச் சேர்ந்த பொனஜூந்தாவும் அதை வளர்த்தார்கள். பொலோன்யாவில் குவிதோ குவினித்செல்லி அதன் போக்கை மாற்றினார். அவர் திறந்த வழியில் புளோரன்ஸின் குவிதோ கவல்காந்தியும், அவரைவிடச் சுமார் பத்து வயது இளையவரான தாந்தேயும், பிஸ்தோயாவின் சீனோவும் நடந்தார்கள்.

சிசிலிக்கும் பொலோன்யாவுக்கும் நடுவே ஒரு சிறைச்சாலையும் இருக்கிறது. பிரெடெரிக்கின் மகன் என்சோ தாமே காதல் கவிதை எழுதியவர். 1249இல் பொஸ்ஸால்தா போரில் பொலோன்யா படையிடம் பிடிபட்ட அவர், 1272இல் இறக்கும்வரை அந்நகரிலேயே காவலில் இருந்தார். சிசிலிக் கவிதை வடக்கே வந்து சேர்ந்த வழிகளில் அவருடைய சிறைவாசமும் ஒன்று என்று பலர் கருதுகிறார்கள்.

சிசிலி அவையில் எழுதியவர்கள் எல்லாம் அரசவைப் பாடகர்களா?

பாடகர்கள் அல்லர், அதிகாரிகள். ஜாகோமோ தா லெந்தீனி அரசவை நோட்டரி. தாந்தே அவரைப் பெயர் சொல்லாமல் ‘நோட்டரி’ என்றே குறிப்பிடுகிறார். பியெர் டெல்லா வீன்யா பேரரசரின் ஆணைகளை எழுதிய தலைமை அதிகாரி. பேரரசரும் எழுதினார். தென் பிரான்சின் புரொவென்சால் மொழிப் பாணர்களான துருபதூர்களிடமிருந்தே இவர்கள் காதல் கவிதையைக் கற்றார்கள். அங்கே பாணர் தாமே இசையமைத்துப் பாடினார். காதலோடு போரும் அரசியல் வசையும் பாடுபொருளாக இருந்தன. சிசிலிக்காரர்கள் ஏறக்குறையக் காதலை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பாடல்கள் இசைக்காக அன்றி வாசிப்பதற்காகவே இயற்றப்பட்டன என்பது பரவலான கருத்து. அதை மறுப்பவர்களும் உண்டு.

இவர்களின் தொழில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாள் முழுதும் சொற்களுக்கு வரையறை எழுதி, வழக்கைப் பிரித்து, இரு தரப்பையும் எடைபோடுகிறவர்கள் மாலையில் காதலைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘காதல் என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது’ என்று கேட்காமல் இருக்க முடியுமா? இந்த மரபு முழுவதையும் அந்தக் கேள்விதான் நடத்திச் செல்கிறது.

சானெட் ஆங்கிலேயர் வடிவம் இல்லையா?

இல்லை. அது ஜாகோமோ தா லெந்தீனி கண்டது என்பதே பொதுவான முடிவு. ஷேக்ஸ்பியருக்கு மூன்றரை நூற்றாண்டுகள் முந்தியது. பதினொரு அசை கொண்ட பதினான்கு வரிகள், எட்டும் ஆறுமாகப் பிரியும். வரி இறுதியில் இயைபு அமையும். முதல் எட்டில் ஒரு கருத்து வைக்கப்பட்டு, அடுத்த ஆறில் அது திரும்புகிறது அல்லது தீர்க்கப்படுகிறது. வாதத்துக்கு இதைவிடப் பொருந்திய சிறு வடிவம் கிடைப்பது அரிது. நீண்ட வாதத்துக்கு, பல பத்திகளில் அமைந்த கான்சோனே என்ற பெருவடிவம் இருந்தது.

சிசிலிக் கவிதைகளைத் தேடிப் பார்த்தால் தொஸ்கானா மொழியில் இருக்கின்றனவே, ஏன்?

மூல ஏடுகள் அழிந்துவிட்டன. நமக்குக் கிடைத்தவை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொஸ்கானாவில் படியெடுக்கப்பட்ட தொகுப்புகள். அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் கவிதைகள் கொண்ட ஒரு பெருந்தொகுப்பு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. படியெடுத்தவர்கள் தங்கள் ஊர் ஒலிக்கேற்ப எழுத்தை மாற்றினார்கள். சிசிலியில் ‘இ’ என்று ஒலித்த இடத்தில் தொஸ்கானாவில் சில சொற்கள் ‘எ’ என்றும், ‘உ’ என்று ஒலித்த இடத்தில் ‘ஒ’ என்றும் ஆயின. அதனால் சிசிலியில் முழுமையாகப் பொருந்திய இயைபு படியில் இடறியது. வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த தொஸ்கானாக் கவிஞர்கள் அந்த இடறலையே பழம்பெருமை உள்ள உரிமையாக எடுத்துக்கொண்டு, ‘சிசிலி இயைபு’ என்ற பெயரில் தாங்களும் பயன்படுத்தினார்கள்.

‘இனிய புதுநடை’ என்பது இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரா?

அந்தச் சொல் தாந்தேயின் பெருங்காப்பியமான ‘தெய்வீக நாடக’த்தில், இறந்தவர்கள் பாவம் தீரும்வரை இருக்கும் தூய்மையுறு மலையைப் பாடும் பகுதியின் 24ஆம் காண்டத்தில் வருகிறது. செத்துப்போன பொனஜூந்தா அங்கே தாந்தேயைச் சந்தித்து, நோட்டரியையும் குவித்தோனேயையும் தன்னையும் அந்த இனிய புதுநடைக்கு வெளியே கட்டி நிறுத்திய முடிச்சு எது என்று இப்போது தெரிகிறது என்கிறார். காதல் தனக்குள் மூச்செறியும்போது குறித்துக்கொண்டு, அது உள்ளிருந்து சொல்லும் வண்ணமே வெளியிடுகிறவன் தான் என்று தாந்தே அதற்கு முன் சொல்லியிருக்கிறார்.

அதைக் கட்சிப் பெயராக்கி, உறுப்பினர் பட்டியல் போட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டு இலக்கிய வரலாற்றாசிரியர்கள். வசதிக்காக நாமும் அப்பெயரைப் பயன்படுத்தலாம். ஆனால் அதனுள் அடக்கப்படும் கவல்காந்தியும் தாந்தேயும் அடிப்படையான ஒரு விஷயத்தில் எதிரெதிராக நின்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

‘மேன்மையான நெஞ்சம்’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே, உயர்குடிப் பிறப்பைச் சொல்கிறார்களா?

அதை மறுப்பதற்காகவே எழுதப்பட்ட கவிதை ஒன்று இருக்கிறது. குவினித்செல்லியின் புகழ்பெற்ற அறுபது வரிக் கான்சோனே, பறவை பசுமரக் கிளைக்குத் திரும்புவதுபோலக் காதல் எப்போதும் மேன்மையான நெஞ்சுக்கே திரும்புகிறது என்று தொடங்குகிறது. கதிரவன் தோன்றிய கணமே ஒளியும் தோன்றியதுபோல, காதலும் மேன்மையான நெஞ்சும் ஒன்றாகவே படைக்கப்பட்டன. ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது என்று சொல்ல முடியாது. பிறகு மணிக்கல் உவமை வருகிறது. கதிரவன் கல்லிலிருந்து இழிந்ததை நீக்கித் தூய்மையாக்கியபின், விண்மீன் அதற்கு ஆற்றலைத் தருகிறது. இயற்கை அவ்வாறு தூய்மையாக்கிய நெஞ்சில் பெண்ணானவள் விண்மீன்போலக் காதலை எழுப்புகிறாள்.

நடுப்பகுதியில் ஒரு பத்தி குலப்பெருமையை நேராகத் தாக்குகிறது. கதிரவன் நாள் முழுதும் சேற்றின் மேல் அடித்தாலும் சேறு சேறாகவே இருக்கிறது, கதிரவனும் வெப்பம் இழப்பதில்லை. ‘குலத்தால் நான் மேலானவன்’ என்று செருக்குகிறவன் அந்தச் சேறு. மேன்மை என்பது அந்தக் கதிரவன். பழைய படைக்குடிகளும் புதுப் பணக்கார வணிகரும் படித்த நீதித்துறையினரும் அதிகாரத்துக்குப் போட்டியிட்ட ஒரு நகரத்தில், நீதிபதி ஒருவர் இப்படி எழுதினார் என்பதை நினைத்தால் அந்த உவமையின் சூடு தெரியும். கட்சிச் சண்டையில் தோற்ற அவர் 1274இல் நாடுகடத்தப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் இறந்தார்.

கடைசிப் பத்தி எனக்கு மிகப் பிடித்தது. கவிஞரின் ஆன்மா இறைவன் முன் நிற்கிறது. வீண் காதலுக்கு என்னையா உவமையாக்கினாய், புகழ் எனக்கும் விண்ணரசிக்குமே உரியது என்று இறைவன் கடிந்துகொள்கிறார். ‘அவள் உமது அரசின் தேவதை போலத் தோன்றினாள், அவளிடம் காதல் வைத்தது என் குற்றமன்று’ என்று கவிஞர் பதில் சொல்கிறார். வழக்காடத் தெரிந்தவரின் விடை அது. ஆயினும், தெய்வத்துக்குரிய சொற்களை ஒரு பெண்ணுக்குத் தரலாமா என்ற அச்சம் அதில் உண்மையாகவே இருக்கிறது.

காதலைப் பாட அரிஸ்டாட்டில் எதற்கு? இது செயற்கையாக இல்லையா?

இந்தக் குறையை முதலில் சொன்னவர் பொனஜூந்தாதான். காதல் கவிதையின் போக்கையே மாற்றிவிட்டீர், அறிவு பொலோன்யாவிலிருந்து வந்தாலும் நூல்களைப் பிசைந்து பாடல் எடுப்பது பொருந்தாத செயல் என்ற பொருளில் அவர் குவினித்செல்லிக்கு ஒரு சானெட் அனுப்பினார். அறிவுள்ளவன் அவசரப்பட மாட்டான் என்று தொடங்கும் சானெட்டால் குவினித்செல்லி பதிலளித்தார்.

ஆனால் அந்த நூல்கள் அக்காலத்தவருக்குப் பழைய பாடங்கள் அல்ல. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில்தான் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களும், அவற்றுக்கு இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் எழுதிய அரபு விளக்கங்களும் லத்தீனுக்கு வந்தன. இப்னு ருஷ்தை மொழிபெயர்த்த மைக்கேல் ஸ்காட் பிரெடெரிக்கின் அவையிலேயே இருந்தவர். சட்டத்துக்குப் பெயர்பெற்ற பொலோன்யாவில் மருத்துவமும் தத்துவமும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. ஆன்மா என்றால் என்ன, கண் எப்படிக் காண்கிறது, ஆசை உடலில் எங்கே எழுகிறது என்பவை அன்று சூடான புதுக் கேள்விகள். 1277ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் ஆயர் எதியென் தாம்பியே 219 கருத்துகளைத் தடைசெய்தபோது, அதே ஆணையில் ஆந்திரேயாஸ் கப்பெலானுஸ் என்பவரின் காதல் பற்றிய லத்தீன் நூலையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். காதலும் தத்துவமும் ஒரே ஆணையில் மாட்டிக்கொண்ட காலம் அது.

காதல் கண் வழியாக நுழைந்து நெஞ்சில் தங்குகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வெறும் உவமைதானே?

அவர்களுக்கு அது உடலியல். காதல் கண்ணுக்குத் தெரியாதது என்றால் அதற்கு ஏது வல்லமை என்று சிசிலிக் கவிஞர் யாக்கோப்போ மொஸ்தாச்சி ஒரு சானெட்டில் கேட்டார். காந்தம் இரும்பை இழுக்கும் விதம் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் அந்த ஆற்றல் இருக்கத்தானே செய்கிறது என்று பியெர் டெல்லா வீன்யா விடை சொன்னார். காதல் என்பது பெருங்களிப்பால் நெஞ்சிலிருந்து வரும் விருப்பம். கண்கள் அதைப் பிறப்பிக்கின்றன, நெஞ்சம் ஊட்டி வளர்க்கிறது என்று ஜாகோமோ தா லெந்தீனி வரையறுத்தார். மூன்று சானெட்டுகளில் ஒரு கருத்தரங்கே நடந்து முடிகிறது.

அக்கால மருத்துவத்தின்படி, உணர்வையும் இயக்கத்தையும் உடலெங்கும் கொண்டுசெல்பவை ‘ஸ்பிரித்தி’ எனப்பட்ட நுண்ணிய ஆவிகள். கவல்காந்தியின் பாடல்களில் அந்த ஆவிகள் நடுங்குகின்றன, ஓடுகின்றன, சிதறுகின்றன. அவருடைய ஒரு சானெட்டில் அச்சொல் எல்லா வரிகளிலும் வருகிறது. காதல் நோய் என்பதும் மருத்துவ நூல்களில் இடம்பெற்ற நோய்தான். கைரவான் நகரின் இப்னுல் ஜஸ்ஸார் எழுதிய நூலை 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்ற துறவி லத்தீனில் தந்தார். மது, இசை, நண்பர் பேச்சு, குளியல் ஆகியவை அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டன. பதினெட்டு வயது தாந்தே தாம் கண்ட கனவைச் சானெட்டாக்கிக் கவிஞர்களிடம் விளக்கம் கேட்டபோது, மயானோ ஊரைச் சேர்ந்த இன்னொரு தாந்தே, உறுப்பை நன்றாகக் கழுவி ஆவிகளைத் தணித்துக்கொள்ளும்படியும் சிறுநீரை மருத்துவரிடம் காட்டும்படியும் பதில் எழுதினார். பதில் முரட்டுத்தனமானது, அதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவம் அன்று எல்லோரும் அறிந்தது.

கவல்காந்தியின் பெரிய கான்சோனேயை நான்கு முறை படித்தும் புரியவில்லை. என்னதான் சொல்கிறார்?

‘ஒரு பெண் என்னைக் கேட்கிறாள்’ என்று தொடங்கும் அந்தப் பாடல் எவருக்கும் எளிதன்று. மருத்துவர் தீனோ தெல் கார்போ அதற்கு லத்தீனில் உரை எழுதினார். 14ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பொக்காச்சியோ அந்த உரையைத் தம் கையாலேயே படியெடுத்து வைத்தார். காதல் எங்கே தங்குகிறது, அதை ஆக்குவது எது, அதன் இயல்பும் ஆற்றலும் அசைவும் இன்பமும் எவை, அதைக் கண்ணால் காட்ட முடியுமா என்ற கேள்விகளை முதலில் அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றாக விடை சொல்கிறது பாடல்.

சுருக்கம் இது. காதல் ஒரு தனிப்பொருள் அன்று, இன்னொன்றில் நிகழும் நிகழ்வு. அது தங்கும் இடம் நினைவு இருக்கும் பகுதி. அதாவது அறிவு அன்று, புலன் சார்ந்த ஆன்மா. கண்ட உருவம் பொதுக்கருத்தாக அறிவுக்குள் போகிறது; அங்கே அதற்கு ஆசையின் சுமை இல்லை, பார்ப்பது மட்டுமே இருக்கிறது. ஆசை எழுவது கீழே, செவ்வாய்க் கோளிலிருந்து வரும் இருளில். அது ஓங்கும்போது விருப்பமே நியாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; நன்மை எது என்று தேரும் திறன் போய்விடுகிறது; பல நேரம் சாவும் பின்தொடர்கிறது. காதலைப் பழிப்பது அவர் நோக்கம் என்று நான் எண்ணவில்லை. மேன்மையானவர்களிடமே அது நேர்கிறது என்றும் அவர் சொல்கிறார். அது மனிதனை அறிவின் பக்கம் கொண்டுபோகாது என்பதில்தான் அவர் உறுதி.

அப்படியானால் அவர் நாத்திகரா?

அந்தப் பேச்சு அன்றே இருந்தது. அவருடைய தந்தை கவல்காந்தேயைத் தாந்தே தம் காப்பியத்தின் நரகத்தில், உடலோடு ஆன்மாவும் சாகும் என்றவர்களுக்கான எரியும் கல்லறையில் வைத்தார். பொக்காச்சியோவின் ஒரு கதையில் கல்லறைகளுக்கிடையே தனியே நடக்கும் குவிதோவை, கடவுள் இல்லை என்று கண்டுபிடிக்கவா இப்படிச் சிந்திக்கிறாய் என்று குதிரையில் வந்த இளைஞர்கள் சீண்டுகிறார்கள். ‘உங்கள் வீட்டில் நீங்கள் எதையும் சொல்லலாம்’ என்று கூறிவிட்டு, ஒரு கல்லறையைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார் அவர்.

தத்துவச் சிக்கல் இப்னு ருஷ்திடமிருந்து வருகிறது. எல்லா மனிதருக்கும் சிந்திக்கும் அறிவு ஒன்றே, தனி மனிதனுக்கு உரியவை உடலும் புலனும் கற்பனையுமே என்று அவரை லத்தீன் உலகம் வாசித்தது. தாமஸ் அக்குவினாஸ் 1270இல் அதை மறுத்து எழுதினார். முந்தைய பதிலில் சொன்ன பிரிவு, மேலே அமைதியான அறிவு, கீழே அழியும் ஆசை, அந்த வாசிப்போடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பொருத்தம் என்பது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. கவல்காந்தி இப்னு ருஷ்தைப் பின்பற்றியவரா என்பதில் அறிஞர்கள் இன்றும் இரு பக்கமாக நிற்கிறார்கள். ‘துயரமும் திகைப்பும் கொண்ட இறகுப் பேனாக்கள் நாங்கள்’ என்று எழுதுகோலும் கத்தரியும் கத்தியும் பேசும் சானெட்டை எழுதியவரைக் கோட்பாட்டாளராக மட்டும் பார்ப்பது அநியாயம் என்பது என் எண்ணம்.

தாந்தே பாடிய காதலி பெயாத்ரிச்சே உண்மையில் வாழ்ந்த பெண்ணா, கற்பனையா?

வாழ்ந்தவர் என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. அவரைப் போல்கோ போர்த்தினாரியின் மகள் என்று பொக்காச்சியோ அடையாளம் காட்டினார். போல்கோ 1288இல் புளோரன்ஸில் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையை நிறுவியவர். மகள் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சிமோனே தெய் பார்தியை மணந்து, 1290ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று இறந்தார். ஆனால் பாடலுக்குள் வரும் பெயாத்ரிச்சே ஊர்ப் பதிவேட்டுப் பெண்ணின் படம் ஆகிவிட மாட்டாள். ஒன்பதாம் வயதில் பார்த்து, ஒன்பது ஆண்டு கழித்து வணக்கம் பெற்றதாகச் சொல்லும்போதே தாந்தே எண்களை அடுக்கி அவளை ஒரு பொருளாக ஆக்குகிறார்.

இவர்களுக்கு மனைவிமார் இல்லையா? அவர்களை ஏன் பாடவில்லை?

இருந்தார்கள். தாந்தேக்கும் ஜெம்மா தொனாத்திக்கும் 1277இல் திருமண ஒப்பந்தம் எழுதப்பட்டது. கவல்காந்திக்குப் பகைக் கட்சித் தலைவர் பாரினாத்தாவின் மகளைச் சிறு வயதிலேயே சமாதானத்துக்காக நிச்சயித்தார்கள். அந்நகரத்தில் திருமணம் என்பது குடும்பங்களுக்கிடையேயான உடன்படிக்கை. கவிதையில் காதல் என்பது ஒருவர் தம்முள் நடத்தும் ஆராய்ச்சி. அன்று இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதியதாகவே யாரும் நினைக்கவில்லை.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

முன்பு சொன்ன வத்திக்கான் தொகுப்பில் ‘கொம்பியூதா தொன்செல்லா’ என்ற பெயரில் மூன்று சானெட்டுகள் இருக்கின்றன. உலகம் தளிர்த்துப் பூக்கும் பருவத்தில் எல்லாக் காதலருக்கும் மகிழ்ச்சி பெருக, எனக்கோ கண்ணீர். தந்தை என் விருப்பத்துக்கு மாறாக எனக்குக் கணவனைத் தரப்போகிறார் என்கிறது ஒன்று. உலகை விட்டு இறைவனுக்குப் பணிசெய்யப் போகிறேன் என்கிறது இன்னொன்று. அப்படி ஒரு பெண்ணே இல்லை என்றுகூடச் சிலர் வாதிட்டார்கள். முந்தைய கேள்வியில் உடன்படிக்கை என்று நான் எளிதாகச் சொல்லிவிட்ட திருமணம், அதற்குள் அகப்பட்டவளுக்கு எப்படி இருந்தது என்பதை இந்த மரபில் அந்தச் சானெட்டுதான் சொல்கிறது.

இவர்கள் ஒரு ரகசியச் சங்கம், ‘பெண்’ என்பது சங்கேதச் சொல் என்று படித்தேனே?

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் அகதியாக வாழ்ந்த கபிரியேலே ரொசெத்தி தொடங்கி, 1928இல் லூயிஜி வல்லி விரித்த கருத்து அது. ‘காதலின் விசுவாசிகள்’ என்று தாந்தே சொன்னதைச் சங்கத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சங்கம் இருந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை. இவர்களின் பாடல்களைப் பொலோன்யா நோட்டரிகள் ஒப்பந்தப் பதிவேடுகளின் வெற்றிடங்களில், வேறு எதையும் பின்னால் செருகிவிடாதபடி எழுதி நிரப்பினார்கள். நகரப் பதிவேட்டில் எழுதியது ரகசியமாக இருக்க முடியாது.

சரி, தாந்தே புதிதாக என்னதான் செய்தார்?

1290களின் முதற்பாதியில் தம் 31 பாடல்களை உரைநடையில் கோத்து ‘புதுவாழ்வு’ என்ற நூலாக்கினார். அதில் ஒரு திருப்பம். பெயாத்ரிச்சே வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுகிறாள். அவள் முன் நிற்கவே முடியாத உனக்கு இந்தக் காதலால் என்ன பயன் என்று சில பெண்கள் கேட்கிறார்கள். முன்பு என் இன்பம் அவள் வணக்கத்தில் இருந்தது, இப்போது அவளைப் போற்றும் சொற்களில் இருக்கிறது, அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்கிறார் தாந்தே. இத்தாலியத்தில் வணக்கத்துக்கும் மீட்புக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதை அறிந்தால் இந்த இடம் திறந்துகொள்ளும். காதல் தனிப்பொருள் அன்று, நிகழ்வு என்று அந்நூலில் அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் காதல் என்றும் அறிவின் துணையோடே தம்மை ஆண்டது என்று வலியுறுத்துகிறார். அந்த நூலை அவர் எழுதியது தம் ‘முதல் நண்பரு’க்காக, அந்த நண்பர் கவல்காந்தி. காதல் அறிவைக் கெடுக்கும் என்றவரிடமே அது அறிவோடு சேர்ந்து நடக்கும் என்று சொல்லப்படுகிறது.

நட்பின் முடிவு கொடியது. 1300 ஜூனில் தாந்தே நகர ஆட்சிக் குழுவில் இருந்தபோது, கலகத்தை அடக்க இரு கட்சித் தலைவர்களையும் அக்குழு நாடுகடத்தியது. சர்சானாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் கவல்காந்தியும் ஒருவர். அங்கே நோயுற்றுத் திரும்பிய அவர் ஆகஸ்டில் இறந்தார்.

காதலை இவ்வளவு உயர்த்திய தாந்தே, காதலித்த பிரான்செஸ்காவை ஏன் நரகத்தில் வைத்தார்?

மிகக் கடினமான கேள்வி. நரகத்தின் ஐந்தாம் காண்டத்தில், கணவனின் தம்பியைக் காதலித்துக் கொல்லப்பட்ட பிரான்செஸ்கா, காதல் மேன்மையான நெஞ்சை விரைவில் பற்றுகிறது என்கிறாள். அது குவினித்செல்லியின் வாக்கு. தன் செயலுக்கு அவள் தரும் சாட்சி இந்தக் கவிஞர்களே. கேட்டுக்கொண்டிருந்த தாந்தே மயங்கி விழுகிறார். அவள்மேல் உள்ள இரக்கம் அதற்குக் காரணம்தான்; தம் தலைமுறையின் வரி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற திடுக்கிடலும் அதில் உண்டு என்று நான் வாசிக்கிறேன்.

பதில் தூய்மையுறு மலையில் வருகிறது. 18ஆம் காண்டத்தில், தாந்தேக்கு வழிகாட்டியாக வரும் பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜில் சொல்கிறார்: ஆசை இயற்கையாக எழுவது, அதில் புகழும் இல்லை பழியும் இல்லை. ஆனால் சம்மதத்தின் வாசலைக் காக்கும் ஒரு திறன் உங்களுக்குள் பிறவியிலேயே இருக்கிறது. மெழுகு நல்லதாக இருப்பதால் எல்லா முத்திரையும் நல்லதாகிவிடாது. கவல்காந்தி மறுத்த அதே தேரும் திறனை இது மீட்டுக் கொடுக்கிறது. அதன்பின் 26ஆம் காண்டத்தில், காமத்தின் குற்றத்தை எரிக்கும் தீக்குள் நிற்கும் குவினித்செல்லியைக் கண்டு, தமக்கும் தம்மிலும் மேலான பிறருக்கும் தந்தை என்று தாந்தே அழைக்கிறார். தாய்மொழியில் தன்னைவிடச் சிறந்த கைவினைஞன் என்று ஒரு புரொவென்சால் பாணரைச் சுட்டிக்காட்டிவிட்டு, நீரின் அடிக்குச் செல்லும் மீன்போலக் குவினித்செல்லி தீக்குள் மறைகிறார். அடுத்த காண்டத்தில் அதே தீக்குள் தாந்தேயும் இறங்க வேண்டியிருக்கிறது. அஞ்சி நிற்பவரிடம், உனக்கும் பெயாத்ரிச்சேக்கும் இடையில் இருப்பது இந்தச் சுவர் மட்டுமே என்கிறார் வெர்ஜில்.